பதினாறு மீட்டர்களும் ஒரு புறங்கையும்

அவள் மின்விசிறித் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், டவுன் பஸ் ஓட்டுநரான அவள் கணவன் முந்திக்கொள்வான்.

"ஃபேன் மோட்டார் மேல கை வைக்கிற வேலை. அதுக்கு மாசாமாசம் சம்பளம் வேற!"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். பதினேழு வருஷமாக இந்த ஒரே ஜோக்கை வைத்துக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. புதிதாகப் பூட்டிய மோட்டார்கள் நாற்பது நாற்பதாக நீண்ட மேசையில் சுழன்றுகொண்டிருக்கும். அவள் வரிசையோடு நடந்தபடியே ஒவ்வொன்றின் மேலும் புறங்கையை ஒரு நொடி வைத்து எடுப்பாள். அளவுக்கு மீறிச் சூடேறியதைச் சாக்பீஸால் குறித்துத் தள்ளிவைப்பாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'தெர்மாமீட்டர்'. ஓட்டுநர் அந்தத் தொழிற்சாலையின் வாசல்வரை போயிருக்கிறான், உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் பதினாறு வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலை ஒட்டியும் சுவரில் ஒரு தகரக் கதவுப் பெட்டி, அதற்குள் மின்சார மீட்டர். ஒருநாள் காலை ஒற்றை ஆளாக ஒரு ஃபிட்டர் வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினாறு பழைய மீட்டர்களையும் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர்களை மாட்டி, சீல் வைத்துப் போய்விட்டார். இனிமேல் ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டியதில்லை, எல்லாம் தானாகவே அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும் என்றார்கள்.

மூன்றாவது வாரம் வீட்டில் மீன் நாறியது. இரண்டு வாரமாகச் சளி பிடித்திருந்த அவளுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. முன்னறையில் ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருந்த மாமனார்தான் முதலில் புகார் சொன்னார்.

"மூக்குல குழாய் மாட்டினவனுக்கே இந்த நாத்தம் நாறுதுன்னா, மத்தவங்க எப்படிப்பா சும்மா இருக்கீங்க?"

ஓட்டுநர் ஃபிரிட்ஜை நகர்த்திப் பெருக்கினான். சாக்கடைக் குழாயில் வெந்நீர் ஊற்றினான். நாற்றம் போகவில்லை. போதாததற்கு, இஸ்திரிப் பெட்டி போட்டால் விளக்குகள் கண் சிமிட்டின. மின் அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"உங்க மீட்டர் எங்க ஸ்கிரீன்ல நல்லா ஆரோக்கியமா இருக்கு சார்" என்றது மறுமுனை.

"ஸ்கிரீன்ல இருக்கும்மா. என் வீட்டுல மீன் நாறுதே!"

"அதுக்கு வேற டிபார்ட்மென்ட் சார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குப்பை கொட்டிவிட்டுத் திரும்பிய அவள் வாசலில் சட்டென்று நின்றாள். சளி அன்றுதான் விட்டிருந்தது. மூக்கை உறிஞ்சினாள். தகரக் கதவின் மேல் புறங்கையை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். உள்ளே வந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள்.

"என்ன பண்ற? அப்பாவோட மெஷின்!" என்று பதறினான் ஓட்டுநர்.

"ஸ்பேர் ஆக்ஸிஜன் சிலிண்டர்ல மாட்டிட்டேன், ஒரு மணி நேரம் தாங்கும்" என்றாள். கைகள் அதற்குள் குழாயை மாற்றி முடித்திருந்தன. "அது மீன் இல்லீங்க, பிளாஸ்டிக். சூட்டுல வெந்தா இப்படித்தான் நாறும். மீட்டர்ல ஒயர் லூசா இருக்கு."

"சரி, அப்பாவைக் கீழ் வீட்டு டீச்சர்கிட்ட கொண்டுபோய் விட்டுடலாம்."

"இருங்க. அவங்க மீட்டரைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் மாமாவை அனுப்புவேன்."

டீச்சர் வீட்டுப் பெட்டியும் சூடாக இருந்தது. அவள் முகம் மாறியது. டீச்சருக்குப் பக்கத்து வீட்டுப் பெட்டி குளிர்ந்திருந்தது. மாமனாரை அங்கே படுக்க வைத்து மெஷினை ஓடவிட்ட பிறகு, டீச்சர் மேசையிலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஓட்டுநர் பின்னாலேயே போனான். தன் பெண்டாட்டி வேலை செய்வதை அவன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். அவசரமே இல்லை. வீடு வீடாக நின்று, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று கேட்டுவிட்டு, கதவில் புறங்கையை வைத்தாள். கண்கள் வேறெங்கோ பார்த்தன, கவனமெல்லாம் தோலில் இருந்தது. தன் வீடு, டீச்சர் வீடு உட்பட நான்கு பெட்டிகளில் பெருக்கல் குறி போட்டு, அந்த வீட்டுக்காரர்களை மெயினை அணைக்கச் சொன்னாள். மூன்றாவது மாடியில் பூட்டிக் கிடந்த வீட்டின் பெட்டியில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

மறுபடி போன் போட்டு 'ஆக்ஸிஜன் நோயாளி' என்று சொன்ன பிறகு மின் அலுவலகத்துக்கு அவசரம் புரிந்தது. ஒரு சூப்பர்வைசர் அம்மா சூடு காட்டும் கேமராவோடு வந்தார். கூடவே அந்த ஃபிட்டரும், தலையைத் தொங்கப்போட்டபடி.

குறிகளைப் பார்த்ததும் சூப்பர்வைசர் அம்மா புன்னகைத்தார். "தொட்டே கண்டுபிடிச்சீங்களாக்கும்? சரி, எல்லாரும் மெயினைப் போடுங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, தரைத்தளத்திலிருந்து கேமராவைக் காட்டிக்கொண்டே வந்தார். நீலம். நீலம். குறி போட்ட கதவு வந்ததும் திரை தீப்பிடித்ததுபோல் சிவந்தது. அடுத்து நீலம். அடுத்த குறி, மறுபடி சிவப்பு. இரண்டாம் மாடிக்கு வரும்போது அந்தம்மாவின் புன்னகை போய்விட்டது. நான்குக்கு நான்கு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஓட்டுநருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கேள்விக்குறி போட்ட பெட்டியில் திரை நீலமாகவே இருந்தது.

"இது நல்லாத்தான் இருக்கு" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"வீடு பூட்டியிருக்கு மேடம். கரண்டே ஓடாதப்ப சூடு எங்கேர்ந்து வரும்? என் கைக்கும் தெரியாது, உங்க கேமராவுக்கும் தெரியாது. திறந்து பாத்துடுங்க."

சப்ளையை நிறுத்திவிட்டுச் சீலை உடைத்தார்கள். ஃபிட்டர் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். அது முழுதாக இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் இறுகியது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஓட்டுநர் வீட்டு மீட்டரில் ஒயரின் மேலுறை கரியாகி உதிர்ந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் சுவரே பற்றியிருக்கும் என்றார் சூப்பர்வைசர் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம்தான் மாமனாரின் கட்டில்.

ஃபிட்டரை எல்லோரும் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும், "ஒரு நாளைக்கு எத்தனை வீடுண்ணே?" என்று கேட்டாள்.

"முப்பது, முப்பத்தஞ்சும்மா. முடிக்கலைன்னா மறுநாள் வேலை கிடையாது."

அவள் சூப்பர்வைசர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க ஃபேக்டரியில இறுக்குறவங்க ஒருத்தர், சரிபாக்குறவங்க ஒருத்தர். இங்க சரிபாக்க யாரு மேடம்?"

அந்தம்மா குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஷிஃப்ட் முடிந்து அவள் செருப்பைக் கழற்றும்போதே ஓட்டுநர் உரக்க வாசித்துக் காட்டினான். அந்த வட்டாரத்தில் புதிதாகப் போட்ட ஐந்நூறு மீட்டர்களையும் மறுபடி திறந்து பார்த்தார்களாம். பத்தொன்பது வீடுகளில் ஒயர் லூசாக இருந்ததாம். இனி ஒருவர் மாட்டியதை இன்னொருவர் சரிபார்ப்பாராம்.

"பத்தொம்பதா?" என்றாள் அவள்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பத்தொன்பது வீடுகளிலும் சமைத்துக்கொண்டும், படித்துக்கொண்டும், தூங்கிக்கொண்டும் இருந்தவர்களை நினைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அருகில் வந்தான். மடியில் கிடந்த அவள் கைகளில் ஒன்றை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டான்.