கண்ணாடிக்கு வெளியே நான்கு விரல்கள்

சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிறவர்களுக்கு இலக்கத்தை அடித்துக் கொடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் அனுப்பி, முடிந்ததும் காசு வாங்க வேண்டும். ஏ.எல். வகுப்பில் கணிதம் படித்தவள் நான். நிமிடக் கட்டணம், வரி எல்லாவற்றையும் சதம் வரை பிரித்துப் பலகையில் எழுதி மாட்டியிருந்தேன். அந்தப் பலகையைப் பார்க்க எனக்குப் பெருமையோ பெருமை.

பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். ஓ.எல். சோதனையில் கணக்கைக் கோட்டை விட்டவள். இரண்டு கிழமைக்குள் சனமெல்லாம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் கட்டணமே சொல்வதில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பாள். ஐந்நூறு என்றால், "அப்ப நாலு நிமிசம் ஆறுதலாக் கதையுங்கோ அம்மா" என்பாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்று நான்கு விரல்களைக் காட்டி, நிமிடத்துக்கு ஒன்றாக மடக்குவாள். கடைசி விரல் நிற்கும்போது உள்ளே இருப்பவர் விடைபெறத் தொடங்கிவிடுவார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்னையும் அப்படிச் செய்யச் சொன்னார் முதலாளி. அது நேர்சரிப் பிள்ளைகளுக்குச் செய்கிற வேலை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவ்வளவு படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்ற ஆத்திரம்தான், வேறென்ன. அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற சத்தம்கூட எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

வன்னியிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த ஒரு அம்மா செவ்வாய்க்கிழமைகளில் வருவார். மகன் ஜெர்மனியில். வேலைக்குப் போகுமுன் சிநேகிதன் வீட்டுக்கு வந்து இவருடைய அழைப்புக்காகக் காத்திருப்பான். அவனை அங்கே இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்ற முடிவு அவர் கடைசியாக வந்த செவ்வாய்க்கிழமை தெரிய வேண்டும். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் அந்த அம்மா ஊருக்குத் திரும்புகிறார். ஊரில் ஃபோன் கிடையாது. இவ்வளவும் எனக்குத் தெரியும்.

அன்றைக்குப் பார்த்து கொட்டாஞ்சேனைக்காரி கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"மற்றப் பிள்ளை இல்லையோ?" என்று கேட்டார் அந்த அம்மா.

அந்தக் கேள்வியோடு எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நிமிடத்துக்கு இவ்வளவு, வரி நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று பலகையில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் தலையாட்டினார். விளங்கவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. கூண்டுக்குள் நின்று கதைத்தபடி என் கையையே பார்த்தார். நான் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் முடியுமுன் அவசரமாக ஃபோனை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஐந்நூறு ரூபாவை நீட்டினார். முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபா மிச்சம் கொடுத்தேன்.

"இவ்வளவு மிச்சமோ?" காசையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் ஏதோ சொல்ல வெளிக்கிட்டவன் பிள்ளை. காசு போதாமப் போயிடும் எண்டு வைச்சிட்டன்."

காசு வேண்டாம், திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று இலக்கத்தை அடித்தேன். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. கடை பூட்டும்வரை அடித்தேன். ஃபோனை வைத்த கையோடு அவனும் சிநேகிதனும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

போகும்போது அந்த அம்மா என் தோளைத் தொட்டு, "உங்களில பிழையில்லைப் பிள்ளை. எனக்குத்தான் கணக்குத் தெரியாது" என்றார்.