ஐந்து மருமகன்களும் ஒரு கிரைண்டரும்

போன வாரம் ஒரு கிரைண்டருக்கு ஆயுசு பார்த்தேன். சிரிக்காதீர்கள்... நிஜமாகத்தான்!

விளாங்குடியில் எங்கள் தெருவில் மாவுக் கடை வைத்திருப்பவள் செல்வி. கோரிப்பாளையத்தில் ஹோட்டல் நடத்தும் பாய் ஒருவர் அவளிடம், "ஒரு வாரம் குடுத்துப் பாரும்மா. ஒருநாள்கூட தவறாம வந்துச்சுன்னா, இன்ஷா அல்லாஹ், வருஷம் பூரா உன் மாவுதான்" என்று சொல்லிவிட்டார். கடையில் இருப்பதோ ஒரே கிரைண்டர். அதுவும் கிழடு.

"ஒரு வாரம் தாங்குமாண்ணே?"

நம்மிடம் யாராவது கேள்வி கேட்டால் போதாதா? கணக்கை நான் காலேஜில் படித்தவனில்லை. யூடியூபில் பார்த்துப் பழகியவன். மெக்கானிக்குக்கு போன் போட்டேன். மோட்டார், பெல்ட், பேரிங், கண்டன்சர், சுவிட்ச் – எது எவ்வளவு காலம் உழைக்கும், இதில் எவ்வளவு ஓடிவிட்டது என்று விசாரித்தேன். தோராயமாக, ஒவ்வொன்றும் இந்த வாரத்தைத் தாண்டப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. பரவாயில்லையே! ஐந்தையும் பெருக்கினால்... மொத்த மெஷினுக்குப் பத்துக்கு ஆறுகூடத் தேறவில்லை.

செல்வி விடவில்லை. "என்னண்ணே அநியாயம்! அஞ்சு பிள்ளைகளும் தொண்ணூறு மார்க்கு. கிளாசுக்கு மட்டும் அறுபதா?"

"அஞ்சு மருமகன் உள்ள வீட்டை நினைச்சுக்கம்மா. ஒவ்வொருத்தரும் தங்கம். பத்து விசேஷத்துல ஒண்ணுலதான் கோவிச்சுக்குவாரு. அஞ்சு பேரும் ஒரே விசேஷத்துல சிரிச்சுக்கிட்டே போட்டோவுக்கு நிக்கணும்னா?"

"யாராச்சும் ஒருத்தரு மொகத்தத் தூக்கிருவாருண்ணே!"

அவ்வளவுதான் கணக்கு. ஒன்று முறுக்கிக்கொண்டால் மெஷினே நின்றுவிடும்.

இதே வயதில் இன்னொரு கிரைண்டர் இருந்தால்? இரண்டும் அதே வாரத்தில் படுத்துவிட நூற்றுக்குப் பதினேழுதான் வாய்ப்பு. நாலு தெரு தள்ளி, செல்வியின் நாத்தனார் முத்துலட்சுமி வீட்டில் அப்படி ஒன்று சும்மாவே கிடந்தது. ஆனால் இருவருக்கும் பேச்சு இல்லை. தன் மகளின் காதுகுத்துப் பத்திரிகையை நேரில் வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள் செல்வி. நம் ஊரில் இது சின்னக் குற்றமா?

தூது போனேன். முத்துலட்சுமி கறாராகச் சொன்னார்: "கிரைண்டர் எங்கிட்டும் வராது. அவ அரிசியத் தூக்கிட்டு இங்க வரட்டும். அரிசிய வாட்ஸ்அப்புல அனுப்ப முடியாதுல்ல?"

செல்வியிடம் வந்து சொன்னேன். "ஓடுற வரைக்கும் நம்ம கிரைண்டரே ஓடட்டும்ணே" என்று திரும்பிக்கொண்டாள்.

ஓடியது. கடைசி நாள் மத்தியானம் வரைக்கும் ஓடியது. பிறகு... கப்சிப்! பெல்ட்டா? பேரிங்கா? ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்தும் நலம். தெருவிலேயே கரண்ட் இல்லை. டிரான்ஸ்பார்மர் பழுதாம், சாயங்காலம் ஆகுமாம். என் கணக்கில் வராத ஆறாவது மருமகன்!

அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடந்தன. நாலு மணிக்கு பாயின் வண்டி வந்துவிடும். செல்வி என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். உளுந்துச் சட்டியோடு பின்னால் நான்.

முத்துலட்சுமி வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவுக்கு வேறு டிரான்ஸ்பார்மர்.

"மதினி..." என்றாள் செல்வி. குண்டானை வாசலிலேயே இறக்கி வைத்தாள்.

"ஏன்டி, இம்புட்டு பாரத்த நீயா தூக்கிட்டு வருவ? ஒரு மெசேஜ் போட்டிருந்தா நானே வந்து தூக்கியிருப்பேன்ல?"

மாவு நாலு மணிக்கு வண்டி ஏறியது. ஆர்டரும் நிலைத்தது.

யோசித்துப் பாருங்கள். அன்று தூது போன எனக்காக முத்துலட்சுமி மனமிரங்கி அந்த கிரைண்டரைக் கொடுத்தனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செல்வி கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் செத்துக் கிடந்திருக்கும். எல்லா உதிரிக்கும் ஆயுசு பார்த்த எனக்கு, காப்பாற்றப்போவது நாத்தனாரின் வீம்புதான் என்று தெரியாமல் போனதே!

நேற்று மாவு வாங்கப் போனபோது செல்வி மெதுவாகக் கேட்டாள். "நானும் மதினியும் எம்புட்டு நாளைக்குண்ணே தாங்குவோம்?"

"அடுத்த பத்திரிகையை நேர்ல வைம்மா... ஆயுசு கெட்டி!"