எனக்கென்று ஒரு போத்தல்

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் என் ஓரகத்தி. வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. இருவரும் ஒரே மலையில்தான் கொழுந்து பறிக்கிறோம். அவளுக்கு டுபாயில் ஒரு மகள். எனக்கு அப்படி யாரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

மகள் மாத்திரைப் போத்தல்களாக அனுப்பிக்கொண்டே இருப்பாள். மீன் எண்ணெய், விட்டமின், முட்டி வலிக்கு ஒன்று, முடி கொட்டாமலிருக்க ஒன்று. வேலைக்குக் கிளம்பும் முன் ஓரகத்தி வாசலில் உட்கார்ந்து அவற்றைப் பரப்பி வைப்பாள். ஒன்றைத் தூக்கிப் பார்ப்பாள். "இன்னைக்கு இது வேணாம்" என்று ஒதுக்குவாள். எனக்கு வயிறு எரியும். மாத்திரைக்காக இல்லை, அந்த "வேணாம்"க்காக. என்னை யார் எப்போது கேட்டார்கள்? பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த சத்துமாவைத் தின்றேன். கடையில் எந்த அரிசி வந்ததோ அதைப் பொங்கினேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் வேறொன்று கையில் இருக்க வேண்டாமா?

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக் கறி பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் போகும். கிண்ணம் வெறுமனே திரும்பாது. ஒருநாள் அவள் கிண்ணத்தில் கறிக்குப் பதிலாக மாத்திரைகளைப் போட்டு நீட்டினாள். பூசணிக்காய்க் கூட்டு கொடுப்பதுபோலவே கொடுத்தாள்.

"தின்னு புள்ள, ஒடம்புக்கு நல்லது."

எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டை விழுங்கினேன். மறுநாள் கிண்ணம் நிறைய வல்லாரைச் சம்பல் அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வல்லார எங்க புடுங்குன?"

"தொர பங்களாவுக்குக் கீழ, அக்கா."

"ஐயோ, அங்க போன கெழமதானே புல்லுக்கு மருந்து அடிச்சாங்க! இதையெல்லாம் திங்கக் கூடாதுன்னு எம்மக சொல்லியிருக்கா. மருந்து அடிக்காத ஓகனிக்தான் நல்லதாம்."

கிண்ணத்தை அப்படியே என் கையில் வைத்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாததால்தான் இன்னும் எரிந்தது. கழுவினால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடமும் தின்கிறோம். சம்பலை வீட்டில் எல்லோருக்கும் வைத்து நானும் வீம்புக்குத் தின்றேன்.

அன்றைக்கு ஓர் ஆசை பிடித்தது. ஒரு தடவையாவது ஒரு நல்ல பொருளை நானே பார்த்து, எனக்கே பிடித்து, எனக்கென்று வாங்க வேண்டும். என்ன பொருள் என்பதிலும் சந்தேகமில்லை. கித்துல் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற, சீனி கலக்காத கித்துல் பாணி. தோட்டத்துக் கடையில் விற்பது பாதி சீனிப்பாகு. பெல்மதுளை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் அசல் பாணி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சீட்டுக் காசு கைக்கு வந்ததும் கிளம்பினேன். "நானும் வாரேன்" என்று அவளும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

கடை அலமாரியில் ஒரு தட்டு முழுக்க ஓகனிக் சாமான். சிவப்பரிசி, குரக்கன் மா, நடுவில் கறுப்பாக என் பாணிப் போத்தல். பக்கத்துத் தட்டில் மாத்திரைகள்.

"என்ன வேணும் தங்கச்சி? பார்த்து எடுங்க" என்றார் நானா.

நான் பாணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஓரகத்தி மாத்திரைத் தட்டில் ஒரு போத்தலை எடுத்து, "மக அனுப்புறது இதுதான்" என்று நானாவிடம் பெருமையாகக் காட்டினாள். என் கை தானாக நீண்டு அதே மாதிரி இன்னொன்றை எடுத்தது. அதே நிறம், அதே மூடி, அதே போத்தல்.

"அது முட்டி வலிக்கு புள்ள. ஒனக்கும் வலிக்குதா?"

"வலிக்குதுக்கா" என்று பொய் சொன்னேன்.

கையில் இருந்த காசு அதற்கே சரியாகப் போயிற்று. அவள் தன் போத்தலைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். அவளுக்கு வீட்டில் இருக்கிறதாம். பிறகு சும்மா சுற்றிப் பார்த்தவள் கித்துல் பாணியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது நல்லா இருக்குமா புள்ள?"

"நல்லா இருக்கும்க்கா."

வாங்கிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது ஒன்றுதான். "முட்டி வலிக்காரி நீ உக்காரு" என்று என்னை உட்காரவைத்துவிட்டு, தோட்டம் வரும்வரை அவள் நின்றுகொண்டே வந்தாள்.