தெயனிராவைச் சுமந்தவன்

தெயனிரா நசரேனோ யாரிடமும் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தவள் இல்லை. எஸ்மெரால்டாஸ் கரையில், ஆறு கடலோடு சேருகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பெண்கள் நாங்கள் உப்புத்தண்ணீரில் வேர்விட்டு நிற்கிற கண்டல் காட்டுச் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவிச் சிப்பி எடுத்துப் பிழைக்கிறவர்கள். புருஷன் விட்டுப் போன பிறகு அந்தச் சேற்றை நம்பியே அவள் மகனை ஆளாக்கி, குவயாகில் நகரத்துக்கு வேலைக்கு அனுப்பினாள்.

ஊருக்குத் தெற்கே ஓர் இறால் குளம் உண்டு. காட்டை வெட்டிக் கரை போட்டு நடத்திய முதலாளி, இறாலுக்கு நோய் வந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். வெடித்துக் கிடந்த அந்தத் தரையில் திரும்பவும் கண்டல் வைப்போம் என்று கிளம்பியவள் தெயனிராதான். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு போவாள். கூலி கிடையாது. கொண்டுபோன வாழைக்காயும் வறுத்த மீனும்தான் மதியச் சாப்பாடு. நாங்கள் நட்டதை அவள் பிடுங்கி, பக்கத்திலேயே திரும்ப நடுவாள். "நீங்க நட்டா அது சாஞ்சு போயிடும்டீ" என்பாள். எங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் அடுத்த ஞாயிறும் போவோம்.

கிளீமாக்கோ அந்தக் குளத்தில் காவல்காரனாக இருந்தவன். ஒருநாள் கரையோரம் சிப்பி எடுத்த தெயனிராவைத் துரத்தி, வானத்தைப் பார்த்துச் சுட்டு, அவள் கூடையைப் பிடுங்கி ஆற்றில் கொட்டியிருக்கிறான். பண்ணை மூடிய பின்பும் அவன் ஊரைவிட்டுப் போகவில்லை. வலை பின்னிக்கொண்டு இங்கேயே இருந்தான். நடுகைக்கு நானும் வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டான். "துப்பாக்கி புடிச்ச கையில செடி வைக்க வேணாம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

அந்தக் கோடையில்தான் அவள் விழுந்தாள். கண்டல் வேர்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது, உடம்பு ஒரு பக்கம் திரும்பிவிட்டது. கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பாய்த்துணியில் கிடத்திப் படகுக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, தண்ணீரே படக்கூடாது என்றார்கள். வீடே தண்ணீருக்கு மேல் மரக்கால் ஊன்றி நிற்கிற ஊரில் இந்தப் பேச்சு.

குளிப்பாட்டுவது என் வேலையானது. முதல் வாரம் அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"ஒதிலியா, நீ போ. நானே பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துப்ப? ஒத்தக் கால்ல ஆடியா?"

சிரிக்கவில்லை. சோப்புத் தண்ணீரோடு சேர்ந்து கண்ணீரும் வழிந்தது. நான் பார்க்காத மாதிரி முதுகைத் தேய்த்தேன்.

ஆனால் குளம் காத்திருக்காது. கடல் பொங்கி வருகிற பெரிய வெள்ளம் ஏறுவதற்கு முன் குளத்துக் கரையை உடைத்துவிட வேண்டும். கடல்தண்ணீர் வந்துபோனால்தான் செடி பிழைக்கும். எங்களால் மட்டும் முடியாது என்று தெரிந்ததும் அவளிடம் சொல்லாமல் கிளீமாக்கோவைக் கூப்பிட்டோம். மறுநாளே அவள் காதுக்குப் போய்விட்டது.

"எவடீ அவனைக் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றேன். "நீ படுத்திருக்க. மண்வெட்டி புடிக்க ஆள் வேணாமா?"

"நான் செத்தா போயிட்டேன்? என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான் பாக்கணும்."

தோணியில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். கொசுக்கடிக்குத் தேங்காய்மட்டைப் புகை போட்டு அவள் பக்கத்தில் வைத்தோம். தோணி நின்ற இடத்திலிருந்து கரைக்குப் போக இடுப்பளவு சேறு. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, கிளீமாக்கோ தோணியோரம் வந்து முதுகைக் காட்டிக் குனிந்தான். அவள் அசையவில்லை. அவனும் நிமிரவில்லை. குனிந்து நின்றதில் சேறு அவன் மார்புவரை வந்தது.

"கட்டு நனைஞ்சா உன்னச் சும்மா விடமாட்டேன்" என்று சொல்லி, பிளாஸ்டிக் சுற்றிய காலை நீட்டி ஏறிக்கொண்டாள்.

பாதி வழியிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

"வடக்கால வெட்டணும்."

"வேணாம். அந்தப் பனைக்குக் கீழ."

"யார்ரா உன்னக் கேட்டது?"

"பழைய ஓடை அங்கதான் போச்சு. கரை போட்டப்ப மண்ணு கொட்டி அதை மூடினவன் நான்தான்."

அவள் தலையைத் திருப்பி அந்தப் பனையைப் பார்த்தாள். பிறகு அவன் காதுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்: "அப்ப நீயே தொற."

மதியம் வரை வெட்டினோம். அவளைக் கரைமேல் ஒரு பெட்டியில் உட்காரவைத்திருந்தோம். அங்கிருந்தே எங்களை வைதாள். வெள்ளம் ஏறியதும் முதலில் விரல் அகலத்துக்குத் தண்ணீர் ஊர்ந்தது, பிறகு மண் சரிந்து ஒரேயடியாக உள்ளே பாய்ந்தது. காய்ந்த தரை சீறிக்கொண்டு குடித்தது. யாரும் கைதட்டவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

திரும்புகையில் அவன் முதுகில் இருந்தபடியே கேட்டாள், "அன்னிக்கு என் கூடையை ஏன் கொட்டின?"

"கொட்டலைன்னா வேலை போயிருக்கும்." மூச்சு வாங்கினான். "தண்ணிலதான கொட்டினேன். பாதியாவது பொழச்சிருக்கும்."

"அதுக்கு நான் உனக்குக் கும்பிடு போடணுமா?"

"வேணாம். கழுத்த நெரிக்காம இருந்தாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கையைத் தளர்த்தியதை மட்டும் பார்த்தேன்.

கட்டுப் பிரித்த பிறகும் கால் நேராகவில்லை. ஆழச் சேற்றில் இறங்க இனி முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. சில நாள் வெளியே வரவில்லை. பிறகு ஒரு காலை என் வாசலில் வந்து நின்றாள்: "தோணில உக்காந்து நீங்க எடுக்கறத தரம் பிரிக்கறேன். ஏத்தி எறக்கி விடுவியா?" அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. ஏற்றிவிட்டேன், அவ்வளவுதான்.

நாங்கள் வரிசையாக நட்டதில் பாதி செத்துப்போனது, அவள் பிடுங்கித் திரும்ப நட்டதும் சேர்த்துத்தான். வெள்ளம் தானாகக் கொண்டுவந்து போட்ட விதைகள் கோணல்மாணலாக முளைத்து இப்போது ஆள் உயரம் நிற்கின்றன.

கிளீமாக்கோ இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான். தேங்காய்ப்பால் விட்ட நண்டு சமைத்தால் அவள் ஒரு தட்டு அவனுக்குக் கொடுத்தனுப்புவாள். வீட்டுக்குள் மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. அவனும் கேட்பதில்லை. சாப்பிட்டு, தட்டைக் கழுவிப் படிமேல் வைத்துவிட்டுப் போய்விடுவான்.