பினாங்கைவிடக் கிட்டே

அம்மா சொன்ன பொய்யைப் பள்ளிக் கணினி அறையில்தான் கண்டுபிடித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பா துபாய்க்கு வெல்டர் வேலைக்குப் போய் இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டால் அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும். “பிளேன்ல போக ரெண்டு நாளு, வர ரெண்டு நாளு. நாலு நாள் லீவுல வந்தா கேட்டைத் தொட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான்.”

நம்பிக்கொண்டுதான் இருந்தேன், சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி துணி காயப்போட்டுக்கொண்டே, “அங்க இன்னொரு குடும்பம் வச்சிருப்பாரு லா” என்று யாரிடமோ சொன்னது காதில் விழும்வரை.

மறுநாள் சிங்கப்பூர் விமான நிலையத்திலிருந்து துபாய் விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று தேடினேன். ஐயாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். ஏழரை மணி நேரம். தைப்பூசத்துக்குப் பினாங்கு போனபோது பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்படியானால் அப்பா பினாங்கைவிடக் கிட்டேதான் இருந்தார்.

அம்மாவிடம் கேட்கவில்லை. பொய் சொன்னவரிடம் கேட்டு என்ன பயன்? வெள்ளிக்கிழமை அப்பா அழைத்ததும் நேராகக் கேட்டேன். “ஏழரை மணி நேரந்தானப்பா. ஏன் வரல?”

“காத்து எதுத்து அடிக்கும்மா. அதான் லேட்டாவும்” என்றார்.

காற்றாம்! எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. அந்த இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். அதன்பின் அவர் அழைக்கும்போதெல்லாம் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வேன். “பாப்பா குளிக்குதுங்க” என்று அம்மா சமாளிப்பது கேட்கும். ஐந்து மாதம் வெள்ளிதோறும் குளித்தேன்.

ஆறாவது மாதம் அப்பா வந்தார். சாங்கி விமான நிலையத்தில் பாதியாய் மெலிந்து நின்றவரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. எட்ட நின்று கவனித்தேன். அவருடைய வலது கை சட்டைப்பையை விட்டு இறங்கவே இல்லை. அந்தக் குடும்பத்தின் படம் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

மாமாவின் காரில் வீடு திரும்பினோம். உட்லண்ட்ஸ் எல்லைக் குடிநுழைவுச் சாவடியில் மாமா எல்லோருடைய கடப்பிதழ்களையும் வாங்கிக்கொண்டு, “பாஸ்போர்ட் குடுங்க மச்சான்” என்று அப்பாவிடமும் கையை நீட்டினார்.

“இருக்கட்டும், நானே குடுக்கிறேன்.”

பையிலிருந்து வந்தது படமில்லை, கடப்பிதழ்தான். அப்பா மாமாவின் மேல் சாய்ந்து, சன்னல் வழியே அதை அதிகாரியிடம் கொடுத்தார். திரும்பக் கிடைக்கும்வரை நீட்டிய கையை மடக்கவே இல்லை.

துபாயில் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அந்தக் கடப்பிதழை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டதையும், அதை மீட்க அம்மா ஏறி இறங்கிய அலுவலகங்களையும் நான் இடைநிலைப்பள்ளி முடித்த பிறகுதான் சொன்னார்கள். அன்று காரின் பின்னிருக்கையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கடப்பிதழ் பைக்குள் போன பிறகும் அப்பா கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை. தப்புச் செய்தவர்கள்தான் அப்படி மறைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.