டீ பெல்லிலிருந்து பறந்த சிவப்பு அம்புகள்

குறை கண்டுபிடிப்பது சோபனாவின் பிறவிக் குணம் என்று அவள் கணவன் நவநீதன் சொல்வான். பிறவிக் குணமோ என்னவோ, அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் அவள் செக்கர். தைத்து வரும் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நூல் பிசிறு, கோணல் தையல், தோலில் ஒரு கீறல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தைத்தவளிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். தைத்தவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பிரித்துத் தைத்து, ஸ்டிக்கரை உரித்துப் போட்டுவிட்டு, மத்தியானம் சோபனாவின் டப்பாவிலிருந்தே ஊறுகாய் எடுத்துச் சாப்பிடுவாள். அந்தத் தையல் லைனில் ஸ்டிக்கர் ஒட்டுவது பகை இல்லை. பார்த்தும் ஒட்டாமல் விட்டால்தான் பகை.

இப்படிப்பட்டவள் கையில் ஒரு சமூக வலைத்தளத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்த புண்ணியவான் நவநீதன். வேலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை செய்கிறவன். எந்தப் பெரிய முதலாளிக்கும் சொந்தமில்லாத வலைத்தளம் என்று ஏதோ படித்துவிட்டு வந்து, வீட்டுச் செலவிலேயே சின்னதாக ஒரு சர்வரை அமைத்தான். ஒவ்வொரு ஊரும் தன் பஸ் ஸ்டாண்டைத் தானே பார்த்துக்கொள்கிறது, பஸ் மட்டும் எல்லா ஊருக்கும் போய் வருகிறது அல்லவா, இதுவும் அந்தக் கணக்குதான். ஆம்பூர் சர்வரில் எழுதினால் சென்னை சர்வரில் இருப்பவர் படிக்கலாம், யாழ்ப்பாணத்துக்காரர் பதில் போடலாம். கம்பெனியில் டீக்கு அடிக்கிற மணியை நினைத்து அதற்கு ‘டீ பெல்’ என்று பெயர் வைத்தவள் சோபனா. யார் வரலாம், யாரை வெளியே அனுப்பலாம் என்று பார்க்கிற அட்மின் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. விழுந்தது என்ன, ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

முதலில் அவள் லைன் பெண்கள் மட்டும் இருந்தார்கள். பிறகு ஜஹீருன்னிசா வந்தார். ஒரு காலத்தில் அதே லைனில் தைத்தவர், கண் பார்வை மங்கியதால் நின்றுவிட்டு இப்போது பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறார். எல்லோருக்கும் அவர் ஆபா, அதாவது அக்கா. ஆபா தினம் சாயங்காலம் டீ பெல்லில் சொந்தமாக ஒரு விடுகதை போடுவார். “நாக்கு உண்டு, பேசாது, வரிசையாகக் கண் உண்டு, பார்க்காது, ஊரெல்லாம் சுற்றும், வீட்டுக்குள் வராது” என்று போட்ட அன்றைக்குச் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ‘ஷூ, ஷூ’ என்று பதில் வந்து குவிந்தது. பீடிக் கட்டுகளுக்கு நடுவில் போனை வைத்துக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கி, ஆபா ஒவ்வொன்றாகப் படிப்பார். படித்துக் காட்டினால் கேட்கவும் ஆள் இல்லாத வீடு அது.

அந்தச் சமயம் பெரிய கம்பெனித் தளம் ஒன்று ஏதோ புது விதி போட்டுச் சனங்களைக் கடுப்பேற்றியது. வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று தோல் கம்பெனிக்காரர்கள் எல்லாம் டீ பெல்லுக்கு வந்து இறங்கினார்கள். சோபனா தலைகால் புரியாமல் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தாள்: குறை கண்டால் தயங்காமல் ரிப்போர்ட் பட்டனை அழுத்தவும்.

அழுத்தினார்கள் பாருங்கள். சென்னைக்காரர் ஒருவர் ‘எங்க வீட்டு ஆம்பூர் பிரியாணி’ என்று படம் போட்டார். சீரகச் சம்பாவுக்குப் பதில் பாசுமதி அரிசி, பக்கத்தில் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இல்லை, ரிப்போர்ட். இன்னொருவர் புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றார். இடது கால் தையல் வளைந்திருக்கிறது, ரிப்போர்ட். ஏலகிரியில் சூரியன் மறைகிற படம், ஏரி சாய்ந்திருக்கிறது, அதற்கும் ரிப்போர்ட். ‘எழுதியவரின் சர்வருக்கும் அனுப்பவா’ என்று கேட்கிற கட்டத்தில் எல்லோரும் தவறாமல் டிக் அடித்தார்கள். தைத்தவளுக்குத் தெரியாமல் குறையை வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

ஒரு வெள்ளிக்கிழமை ஆபா போன் செய்தார்.

“சோபனா, நான் இன்னா தப்பா எழுதிட்டேன்? ரெண்டு நாளா நாலஞ்சு பேருக்கு மேல விடை சொல்லலியே.”

“நீங்க ஒண்ணும் தப்பா எழுதல ஆபா. இருங்க, இன்னான்னு பாக்குறேன்.”

நவநீதன் பார்த்துச் சொன்னான். ‘நடைமேடை’ என்கிற பெரிய சென்னை சர்வர், ரிப்போர்ட் தொல்லை தாங்காமல் டீ பெல்லை மொத்தமாகத் துண்டித்துவிட்டது. ஆபாவின் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

“குறைய சொன்னா கசக்குதா அவங்களுக்கு?” என்று சோபனா எகிறினாள்.

“லைன்ல ஸ்டிக்கர் ஒட்னா அது திரும்பத் தைக்கப் போவும். இங்க ரிப்போர்ட்னா போலீஸ்ல புகார் குடுக்குறா மாதிரி. அவங்க ஒவ்வொண்ணையும் தொறந்து விசாரிக்கணும்.”

சோபனா போனை எடுத்துப் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். “அப்போ பிரியாணி மேல போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கோமா?”

“அரிசி மேல தனியா, கத்திரிக்கா மேல தனியா.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது. அந்த வரியை எழுதி வைத்தவள் அவள்தானே. மறுநாளே நடைமேடையின் அட்மின் இளம்பரிதியைப் போனில் பிடித்தாள். மரியாதையான ஆள், ஆனால் களைத்துப் போன குரல்.

“மேடம், எங்க டீம்ல மூணே பேரு. எல்லாரும் வேலைக்குப் போய்ட்டு வந்து பாக்குறவங்க. நிஜமாவே ஒரு பொண்ண மிரட்டி எழுதினதப் பத்தி ஒரு ரிப்போர்ட் வந்திருந்தது. உங்க ஊரு ரிப்போர்ட்டுக்கு அடியில அது பொதைஞ்சு போச்சு. நாங்க பாக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு கணக்க மூடிட்டுப் போயிட்டாங்க.”

சோபனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. சாக்கு எதுவும் சொல்லவில்லை. இனிமேல் இங்கிருந்து போகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தானே பார்த்து அனுப்புவதாகச் சொன்னாள். ஒரு மாதம் மற்ற சர்வர்காரர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார் அவர்.

அந்த மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் பக்கத்து வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: செருப்பு காலைக் கடித்தால் ரிப்போர்ட் செய்யுங்கள், கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் தாண்டிப் போங்கள். அவ்வளவுதான், கூச்சல் கிளம்பிவிட்டது. ‘செக்கரே செக் பண்ணாதேன்னு சொல்ற காலம்’ என்று ஒருவர் எழுதினார். வாணியம்பாடிக்காரர்கள் சிலர் கோபித்துக்கொண்டு தனி சர்வர் வைக்கக் கிளம்பினார்கள். அவள் மேஜைக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிற ஜோதியே ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் புதிதாகப் போட்ட ஒரு பூட்ஸ் ரிப்போர்ட்டைத்தான் சோபனா முதலில் வெளியே அனுப்பாமல் திருப்பியிருந்தாள்.

“தையல் வளைஞ்சிருந்தது நெஜந்தானே?” என்றாள் ஜோதி கடைசியில்.

“நெஜந்தான். அதனால யாருக்கு இன்னா வலி?”

ஜோதி யோசித்துவிட்டு ஊறுகாய் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாதம் முடிந்தது. நடைமேடை வழியைத் திறந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆபாவின் விடுகதைக்கு வந்து குவிந்த பதில்களையே பார்த்துக்கொண்டு நின்று சோபனா அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மத்தியானம் கேன்டீனில் சாப்பிடும்போது ஜோதி போனை நீட்டினாள். நடைமேடையில் இருக்கிற ஓர் ஆள், ஆபாவின் விடுகதைக்குக் கீழே, அவர் மதத்தையும் பீடி சுற்றும் கையையும் இழுத்து வாயால் சொல்ல முடியாததை எழுதியிருந்தான். காலையிலேயே எழுதியிருக்கிறான். டீ பெல்லில் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் ரிப்போர்ட் செய்யவில்லை.

“ஏன் யாரும் அழுத்தல?”

“மறுபடியும் துண்டிச்சிட்டா? ஆபாவுக்குத்தானே கஷ்டம்.”

சோபனாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. டப்பாவை மூடி வைத்தாள். குறை பார்த்துக் குறை பார்த்துத் தேய்ந்த கண்ணுக்கு இது எப்பேர்ப்பட்ட குறை என்று தெரியாதா? அவனை மட்டும் தன் சர்வரில் மறைத்துவிட்டால் போதும், வம்பில்லை. ஆனால் அவன் நாளைக்கு வேறொரு ஊர்ப் பெண்ணுக்குக் கீழே போய் இதையே எழுதுவான். கையைக் கழுவிவிட்டு வந்து பட்டனை அழுத்தினாள். ‘இது கடிக்குது’ என்று மட்டும் எழுதி, நடைமேடைக்கும் அனுப்பினாள்.

சாயங்கால டீக்கு மணி அடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த ஆளின் கணக்கே இல்லை. கீழே இளம்பரிதி எழுதியிருந்தார்: “மன்னிச்சுக்கோங்க. இப்பல்லாம் உங்க ஊர்லருந்து ரிப்போர்ட் வந்தா, முதல்ல அதத்தான் தொறக்குறோம்.”

சோபனா அதை ஜோதிக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். பாதியிலேயே ஜோதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். மீதியை அவளே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.