செம்மண் கோட்டையின் வெள்ளைக் கற்கள்

இரண்டாயிரம் முறை ஏறி இறங்கிய வழியைக் காட்டி, "இது எனக்குத் தெரியாது" என்று ஒருவன் சொல்ல முடியுமா? அந்தக் கோடையில் பாமியான் கடைத்தெருவில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். அன்று எனக்கும் பதில் தெரியவில்லை.

அப்படிச் சொன்னவன் சகிதாத். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில், குன்றின் மேல் சிவப்பாக நிற்கும் பழைய கோட்டைக்குக் காவல்காரன். காவல் என்பது பெயருக்குத்தான். பயணிகளை மேலே அழைத்துப் போய்ப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து விடுவதே அவன் வேலை. ஐந்து மொழிகளில் அவனுக்கு மொழிக்கொரு வாக்கியம் தெரியும். ஐந்திலும் அது ஒரே வாக்கியம்தான்: "என் கால்தடத்தில் கால் வை."

கோட்டைக்கு அடியில் உள்ள ஊரிலேயே பிறந்தவன். போர்க்காலத்தில் அந்தக் குன்றை யார் பிடித்தாலும் முதலில் பீரங்கியை மேலே ஏற்றுவார்கள், பிறகு சரிவெங்கும் கண்ணிவெடி புதைப்பார்கள். புதைத்தவர்கள் போய்விடுவார்கள், வெடி மட்டும் இருக்கும். எதை எங்கே வைத்தோம் என்று ஒருவரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. சகிதாதின் கழுதை ஒருநாள் நல்ல புல்லைத் தேடிச் சரிவில் ஏறியது. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு விறகை அவனே சுமந்தான்.

சண்டை ஓய்ந்ததும் வெடி அகற்றுகிறவர்கள் வந்தார்கள். இரண்டு கோடைகள் அவர்களுக்குத் தண்ணீரும் சாயக் குவளையும் சுமந்தான் சகிதாத். முழங்காலில் நின்று மண்ணை விரல்விரலாகத் தடவி அவர்கள் நகர்வதைப் பார்த்தான். சோதித்து முடித்த வழியின் இரு ஓரத்திலும் வெள்ளை பூசிய கற்களை வைப்பார்கள். அதற்கு அப்பால், கை வைக்காத மண்ணில் சிவப்புக் கல். எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஆட்டுக்காரனுக்கும் இந்த இரண்டு நிறமும் தெரியும்.

அந்த வருடம் ஒரு பெரிய காரியம் நடக்கவிருந்தது. மாகாணத்தில் பயணிகள் பார்க்கவேண்டிய இடங்களைப் படத்தோடு ஒரு சிறு புத்தகமாகப் போடப் போகிறார்கள். புத்தர் நின்ற பெரிய மாடங்கள், பந்தே அமீர் நீல ஏரிகள் எல்லாம் கேட்காமலே இடம் பிடித்துவிட்டன. செம்மண் கோட்டைதான் இழுபறியில் கிடந்தது. காபூலிலிருந்து விமானத்தில் வரும் பதினான்கு பேரை மேலே ஏற்றிக் காட்டவேண்டும். அவர்கள் மெச்சினால் கோட்டையும் புத்தகத்தில் வரும். புத்தகத்தில் வந்தால் வேன்கள் வரும், ஊருக்குப் பிழைப்பு வரும். சகிதாத் ஆறு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், பனி உருகியபின் முதல்முறையாக அவன் வழியைப் பார்க்க ஏறினான். மூன்றாவது வளைவில் நின்றுவிட்டான். வெள்ளைக் கற்களைக் காணோம். இருபது முப்பது தப்படிக்கு இரண்டு ஓரமும் மொட்டையாகக் கிடந்தன. மேலிருந்து சரிந்த சேறு, கல் இருந்த குழிகளையும் மூடியிருந்தது. சேறு சரிந்தது தெரிகிறது, கல் எங்கே? உருண்டிருந்தால் கீழே கிடக்கவேண்டுமே.

கீழேதான் கிடந்தன. சாலையோரம் அவன் மைத்துனன் ஏவஸ் அலி புதிதாகத் தேநீர்க் கூடாரம் போட்டிருந்தான். கூடாரத்தின் வாசலில் இரண்டு வரிசை வெள்ளைக் கற்கள், பல் விளக்கின மாதிரி.

"வா லாலா! எப்படி இருக்கு என் கடை?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டான் ஏவஸ் அலி.

"கல்லு எங்க எடுத்த?"

"மேலதான். மூணாவது வளைவு. கழுதை வெச்சு ரெண்டு நடை அடிச்சேன். இடுப்பே போச்சு."

"ஏண்டா எடுத்த?"

"வெளிநாட்டுக்காரன் வண்டிய விட்டு எறங்கவே பயப்படுறான் லாலா. வெள்ளைக் கல்லப் பாத்தா இங்க ஆபத்து இல்லன்னு அவனுக்கே தெரியும். தைரியமா வந்து உக்காந்து டீ குடிப்பான். எப்படி என் மூளை?"

"உன் மூளைய என் கழுதை கடன் வாங்கிட்டுத்தான் அன்னிக்கு மேல போச்சு."

ஏவஸ் அலிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதுக்கு எதுக்கு இவ்வளவு? வழிதான் தேஞ்சு கெடக்கே, குருடன்கூட நடப்பான். வேணும்னா இப்பவே ஏத்தி வெச்சுடலாம். எந்தக் கல்லு எங்கன்னு உனக்குத் தெரியாதா?"

சகிதாதுக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது. காலையில் பதினான்கு பேரும் வெள்ளை வரிசைக்கு நடுவே மேலே போவார்கள், புத்தகத்தில் கோட்டை வரும்.

"சேறு எறங்கியிருக்கு. அந்தச் சேத்துல மேலேர்ந்து என்ன எறங்கி வந்துச்சோ?" என்றான் கடைசியில். "மண்ணத் தடவிப் பாத்தவன் வெக்கிற கல்லுக்குத்தான் வெள்ளைன்னு பேரு. நாம வெச்சா அது வெறும் சாயம்."

மறுநாள் காலை இரண்டு வேன்கள் வந்து நின்றன. பயண அலுவலகத்திலிருந்து வந்திருந்த நஸீரி, இஸ்திரி போட்ட மேலங்கியோடு முதலில் இறங்கினார். ஏறும் வழியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சகிதாதைப் பார்த்தார்.

"எந்திரி சகிதாத். விருந்தாளி வந்திருக்காங்க."

"தலைமேல வெச்சுக்கிறேன் சாஹிப். ஆனா மேல கூட்டிட்டுப் போக முடியாது. மூணாவது வளைவுல கல்லு இல்ல."

நஸீரி குரலைத் தாழ்த்தினார். "நேத்து நீ ஏறிப் பாத்தியாமே?"

"வளைவு வரைக்கும் பாத்தேன்."

"உயிரோடதான இருக்க? அப்புறம் என்ன? முன்னால நட, அவங்க பின்னால வருவாங்க. எத்தன ஆயிரம் தடவ போன வழி! தெரியாதுன்னா சிரிப்பாங்க."

"என் கால் தெரியும் சாஹிப். இந்தப் பதினாலு பேர் கால் எனக்குத் தெரியாது. ஒருத்தர் போட்டோ எடுக்கப் பின்னால ஒரு எட்டு வெப்பார். ஒரு அம்மா மூச்சு வாங்குதுன்னு ஓரமா உக்காருவாங்க. அந்த ஒரு எட்டுக்குத்தான் கல்லு. எனக்கா வெச்சிருக்காங்க?"

"கோட்டை புத்தகத்துல வராது. புரியுதா?"

"புரியுது சாஹிப். அது எங்கயும் ஓடாது, அடுத்த வருசமும் இங்கதான் நிக்கும்."

எனக்குக் கிடைக்காமல் போன பதில் இதுதான். கால் அகல வழியை அவன் அறிவான். அதற்கு மேல் ஒரு விரற்கடை அறிந்ததாகவும் அவன் சொல்லிக்கொள்ளவில்லை.

விருந்தாளிகளை அவன் வெறுங்கையோடு அனுப்பவில்லை. பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்கு அழைத்துப் போனான். அங்கே பாறைமேல் உட்காரவைத்து, அவித்த உருளைக்கிழங்கும் உலர்த்திய தயிர் உருண்டையும் கொடுத்தான். எந்தக் கோபுரத்தில் காவலர் நின்றார்கள், தண்ணீருக்கு எந்தப் படி வழியாக இறங்கினார்கள், பீரங்கி எந்தச் சுவரை இடித்தது என்று கையை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னான். வெயில் ஏற ஏறச் சுவர்கள் செங்கல் நிறத்திலிருந்து மாதுளை நிறத்துக்கு மாறின. வந்தவர்கள் ஒரு மணி நேரம் அசையவில்லை. நஸீரி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

புத்தகம் வந்தது. கோட்டை அதில் இல்லை. ஊர் சகிதாதைச் சும்மா விடுமா? மனைவி நிக்பக்த் ரொட்டி வைக்கும்போதெல்லாம், "தின்னு பாரு, அடியில வெடி இருக்கப் போகுது" என்றாள். அவன் அசரவில்லை. ஏவஸ் அலியை உட்காரவைத்து, கூடார வாசலில் இருந்த ஒவ்வொரு கல்லையும் சாயம் மண்ணில் படும்படி கவிழ்க்கவைத்தான். பிறகு வெடி அகற்றுகிறவர்களின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். நான்காம் முறை போனபோது, கோடை முடிவில் வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

வந்தார்கள். பதினொரு நாள் அந்த வளைவை விரல்விரலாகத் தடவினார்கள். ஒன்பதாம் நாள் வெடி தேடும் கருவி கத்தியது. கீழே சாலையில் ஊரே கூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மண்ணுக்குள்ளிருந்து வந்தது துருப்பிடித்த ஒரு மீன் டப்பா. அவ்வளவுதான். வேறெதுவும் இல்லை.

"லாலா, மீனு கடிக்குமா?" என்று ஏவஸ் அலி கத்தினான். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அன்றிலிருந்து சகிதாதுக்கு டப்பா சகிதாத் என்று பெயர்.

"சிரிங்க, நல்லா சிரிங்க," என்றான் அவன். "டப்பான்னு இன்னிக்குத்தான தெரியும்? போன மாசம் உங்கள்ல எவனுக்குத் தெரியும்?"

புதிய வெள்ளைக் கற்கள் வைத்து முடிந்ததும் முதல் ஆளாக அவன்தான் மேலே போனான். அடுத்த கோடையில் புத்தகத்தை மறுபடி அச்சிட்டபோது கோட்டைக்கு அரைப் பக்கம் கிடைத்தது. இப்போது பயணிகள் வந்தால், "நான்தான் டப்பா சகிதாத்" என்று சொல்லிக் கைகொடுக்கிறான். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் மேலே போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே போகிறான்.

எங்கள் மலைகளில் இன்னும் கை வைக்காத சரிவுகள் உண்டு. ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்தப் பக்கம் பயணம் கிளம்பினால் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள். அழகாக இருக்கிறதென்று எந்தக் கல்லையும் எடுக்கவேண்டாம். வழிகாட்டி ஒருநாள் "தெரியாது" என்று உட்கார்ந்துவிட்டால், அவனோடு கோபிக்காமல் எதிர்க்கரைக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள்.